பதின்பருவத்தினருக்கு எந்தப் புத்தகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், சனிக்கிழமை மாலைகளில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்காருவது என் பொறுப்பு. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், வகுப்புக்குப் புத்தகம் தேடி வரும் ஆசிரியர்கள், எப்போதாவது பிள்ளைகளே கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

1. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்?

வயதை மட்டும் சொன்னால் என்னால் சொல்ல முடியாது. யாரும் கேட்காமலே உங்கள் மகன் எதைப் பற்றிப் பேசுகிறான்? மாடு, யானை, பேய், ராக்கெட், ராஜா கதை, பள்ளியில் நடந்த சண்டை என்று ஏதாவது இருக்கும். அதைச் சொன்னால் அலமாரியில் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிடும். காட்டுமேல் பைத்தியமாக இருக்கும் பிள்ளைக்கு ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. சாகசம் வேண்டுமென்றால் அவரே சிறுவர்களுக்காக எழுதிய ‘பனி மனிதன்’. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிற கதை. கீழடி பற்றிச் செய்தியில் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. சாகித்ய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்ய புரஸ்கார் விருதை 2023இல் பெற்ற நாவல் அது.

தமிழில் இந்த வயதுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பத்து வயது வரை படக்கதைகள் ஏராளம். அதற்கு அடுத்த அலமாரியில் கை வைத்தால் நேரே பெரியவர்களுக்கான நாவல்கள். நடுவில் இருக்கும் பள்ளத்தை இப்போதுதான் வானம் பதிப்பகம், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், பதின்பருவத்தினருக்கென்றே சிறு நூல்கள் கொண்டுவரும் ஓங்கில் கூட்டம் போன்றவர்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனவே கீழே நான் சொல்லும் பெயர்களில் பாதி, பெரியவர்களுக்கு எழுதப்பட்டுப் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகிற புத்தகங்கள்.

2. நாங்களெல்லாம் ‘பொன்னியின் செல்வ’னில்தான் தொடங்கினோம். அதையே கொடுத்துவிடலாம் அல்லவா?

கொடுக்கலாம். ஆனால் ஐந்து பாகங்களையும் கட்டாகக் கட்டிப் பிறந்தநாள் பரிசாக மேசைமேல் வைக்காதீர்கள். அந்தக் கனத்தைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் ‘கல்கி’ இதழில் வந்த தொடர் அது. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு கொக்கி தொங்குவதற்குக் காரணமும் அதுதான். அன்றைய வாசகர் அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தார். உங்கள் பிள்ளையின் முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் ஒரேயடியாக நிற்கின்றன.

‘புது வெள்ளம்’ என்ற முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் அல்லவா, அந்த அத்தியாயத்தை முடித்ததும் பிள்ளை தானாகப் பக்கத்தைத் திருப்பினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். திருப்பவில்லையென்றால் ‘பார்த்திபன் கனவு’. அதே கல்கி, ஒரே புத்தகம், நடுவில் ஒரு மர்மமும் உண்டு. அதுவும் ஏறவில்லையென்றால் சரித்திர நாவலை இரண்டு வருடம் ஒத்திப்போடுங்கள். உங்களுக்குப் பிடித்தது என்பதற்காக ஒரு பிள்ளை அதை விரும்பியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும் அப்பாக்களின் முகம் இதைச் சொன்னதும் வாடுகிறது, தெரிந்துதான் சொல்கிறேன்.

3. புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான். இவனை எப்படிப் படிக்க வைப்பது?

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. நூறு பக்கம்கூட வராது. ஒரே ஒரு பிற்பகல், ஒரு ஜல்லிக்கட்டு. அப்பாவைக் குத்திச் சாய்த்த காரி என்ற காளையை அணைக்க வந்திருக்கிறான் பிச்சி. கதை அவ்வளவுதான். வருணனை என்று தனியாக நின்று மூச்சு வாங்கும் இடமே கிடையாது. காளையின் கண், திமில், கொம்பு, கூட்டத்தின் இரைச்சல், ஜமீன்தாரின் கௌரவம் என்று இழுத்துக்கொண்டே போகும். 1959இல் வெளிவந்த புத்தகம் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பழையது என்று ஒதுக்கிவிடுவான்.

ஓடுகிற பிள்ளைக்குப் புத்தகம் மெல்லியதாக இருக்க வேண்டும், கதை முதல் பக்கத்திலேயே தொடங்கிவிட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பொருள் எதுவானாலும் பரவாயில்லை. முதலில் சொன்ன ‘யானை டாக்டர்’ இதற்கும் பொருந்தும். அது ‘அறம்’ தொகுப்பில் உள்ள ஒரு நீண்ட சிறுகதை. டாப்ஸ்லிப் காட்டில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதப்பட்டது. சுற்றுலா வந்தவர்கள் வீசி உடைத்த மதுப் புட்டி யானையின் காலில் ஏறுகிற பகுதியைப் படித்த பிள்ளைகள் என்னிடம் வந்து கோபமாகப் பேசியிருக்கிறார்கள். புத்தகத்தைக் கண்டு ஓடியவர்கள்தான் அவர்களும்.

4. பிடிக்கவில்லை என்று பாதியில் வைத்துவிடுகிறாள். முடித்தே ஆக வேண்டும் என்று சொல்லலாமா?

கூடாது. நீங்கள் தொலைக்காட்சியில் பிடிக்காத நிகழ்ச்சியை முடிவுவரை பார்க்கிறீர்களா? பதினைந்து இருபது பக்கம் படித்தும் ஒட்டவில்லையென்றால் வைத்துவிட உரிமை உண்டு. எங்கள் வட்டத்தில் இதற்கு அனுமதிகூடக் கேட்க வேண்டியதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் அடுத்த புத்தகத்தைத் தேட எனக்கு உதவியாக இருக்கும், அவ்வளவே.

5. எப்போதும் காமிக்ஸ்தான். இதெல்லாம் படிப்பில் சேருமா?

சேரும். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறையில் எத்தனையோ பேர் பிறகு கனமான இலக்கியத்துக்குப் போனார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்ற ஒரு கற்பனைக்காகவே அந்தக் காலத்தில் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். லயன், முத்து இரண்டு காமிக்ஸ் வரிசைகளும் இன்றும் வருகின்றன. டெக்ஸ் வில்லர், லக்கி லூக் இரண்டும் தமிழ் பேசுகின்றன. சாதாரணக் கடைகளில் கிடைப்பது அரிது. சந்தாவிலும் புத்தகக் காட்சிகளிலும் கிடைக்கும்.

காமிக்ஸிலேயே அடுத்த படி வேண்டுமென்றால் மர்ஜானே சத்ரபியின் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’. 1979 புரட்சிக்குப் பிறகு டெஹ்ரானில் வளரும் ஒரு வாயாடிச் சிறுமியின் கதை, கறுப்பு வெள்ளைப் படங்களில். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கொடுங்கள். சிறை, சித்திரவதை பற்றிய பக்கங்கள் உண்டு.

6. படித்து முடித்ததும் கதையின் நீதி என்ன என்று கேட்கிறோம். சரிதானே?

தவறு. இந்தத் தொகுப்பில் நான் பிடிவாதமாகச் சொல்கிற ஒரு விஷயம் இது. பிள்ளை ஒரு கதைக்குள் போய்விட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. உடனே தேர்வுத்தாளை நீட்டினால் அடுத்த முறை உள்ளே போகத் தயங்கும். எத்தனை பக்கம் படித்தாய், கதைச் சுருக்கம் எழுது, புதிய சொற்களைக் குறித்துவை என்பனவும் இதே வகைதான்.

பேச வேண்டும் என்று தோன்றினால் நீங்களும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சண்டை போடுங்கள். ‘பிச்சி அந்தக் காளையைப் பிடித்திருக்கவே கூடாது’ என்று சொல்லிப் பாருங்கள். பதில் வரும்.

7. கதை எதற்கு? வாழ்க்கையில் முன்னேறுவதற்கான தன்னம்பிக்கை நூல்களைக் கொடுத்தால் பயன்படுமே?

பெரும்பாலான தன்னம்பிக்கை நூல்கள் ஒரே அறிவுரையை முப்பது அத்தியாயங்களில் சொல்கின்றன. பிள்ளைகள் வீட்டில் கேட்பதும் அதுதான். முன்னேறிய மனிதரைக் காட்ட வேண்டுமென்றால் தன்வரலாறு கொடுங்கள். அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ எல்லோருக்கும் தெரியும். அதில் ராமேஸ்வரம் பகுதிதான் பிள்ளைகளுக்கு ஒட்டுகிறது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரித்தது அவருடைய முதல் சம்பாத்தியம். ஏவுகணைத் தொழில்நுட்பம் வரும் அத்தியாயங்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்கட்டும்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தாத்தாக்களின் புத்தகம் என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அதன் முதல் பாதி, படிப்பின்மேல் வெறிகொண்ட ஓர் ஏழைப் பையன் ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி அலைகிற கதை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும்போது அவருக்குப் பதினாறு வயது. வேங்கடராமன் என்ற பெயர் ஆசிரியருக்குப் பிடிக்காமல் போக, வீட்டில் வழங்கிய மற்றொரு பெயர் நிலைத்துச் சாமிநாதன் ஆகிறார். முழுப் புத்தகத்தையும் தராமல், மாயூரம் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பதினைந்து வயதுக்கு மேல் சரியாக இருக்கும்.

8. அறிவியல்தான் பிடிக்கும், கதையெல்லாம் பொய் என்கிறான். என்ன கொடுப்பது?

சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ கேள்வி பதில் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். சில பதில்களின் அறிவியல் இப்போது பழசாகிவிட்டது. அதை அவனே கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் நல்லது. மாத இதழாகத் ‘துளிர்’ இருக்கிறது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துடையது. கூடவே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலை அருகில் வையுங்கள். 2020களில் நடப்பதாக 1980களில் எழுதியது. யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் இல்லாத ஒரு நாடு, ஜீவா என்ற சர்வாதிகாரி, எல்லோரையும்விட அதிகமாகச் சிந்திக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். அவர் ஊகித்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சரிபார்ப்பதே அறிவியல் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு.

உண்மைதான் வேண்டும் என்று உறுதியாக நின்றால் ஜிம் கார்பெட்டின் ‘குமாயுன் புலிகள்’. தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் தமிழில் உண்டு. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் தேடிப்போன கதையை இரவில் தனியாகப் படிப்பது கடினம். வேட்டைக்காரரே பிற்காலத்தில் புலிகளுக்காக வாதாடினார் என்பதையும் சொல்லுங்கள். அதைத் தொடர்ந்து சு. தியடோர் பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகளுக்குப் போகலாம்.

9. பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற புத்தகம் தனியாக இருக்கிறதா?

இல்லை. எங்கள் வட்டத்தில் ‘வாடிவாச’லை அதிகமாக வாங்கிப்போவது பெண் பிள்ளைகள்தான். ஆனால் நாயகி ஒரு பெண்ணாக இருக்கும் புத்தகம் வேண்டும் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்தப் புத்தகங்களைப் பையன்களுக்கும் கொடுங்கள்.

‘தோத்தோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, குறைந்த விலை. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஜப்பானியப் பள்ளியும், சேர்ந்த அன்றே ஒரு சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷியும் நிஜம். பன்னிரண்டு வயதுக்குச் சரியாக இருக்கும். அதற்கு நேர் எதிரான பள்ளிக்கூடம் இரா. நடராசனின் ‘ஆயிஷா’வில் வருகிறது. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவியின் கதை, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடிவு மிகக் கடுமையானது. தன்மேலேயே வேதிப்பொருளைச் சோதித்துப் பார்க்கிறாள் அந்தப் பெண். பிள்ளை படித்து முடிக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். பதினைந்துக்கு மேல் என்றால் பாமாவின் ‘கருக்கு’. சாதி என்ன செய்யும் என்பதைத் தன் ஊர்ப் பேச்சிலேயே, அழாமல், பல இடங்களில் சிரிக்கச் சிரிக்கவும் சொல்கிறார். ஐந்தாம் கேள்வியில் வந்த சத்ரபியையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. என் மகள் ஆங்கிலத்தில் மட்டுமே படிக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தை எப்படித் திணிப்பது?

திணித்தால் இரண்டும் போய்விடும். அவள் படிக்கிறாள், அது பெரிய விஷயம். எனக்குக் கைகொடுத்த வழி, ஒரே கதை இரண்டு மொழியிலும் இருக்கும் புத்தகங்கள். ‘வாடிவாசல்’, பூமணியின் ‘வெக்கை’, பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ ஆகிய மூன்றையும் ந. கல்யாண் ராமன் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். முதலில் ஆங்கிலத்தில் படிக்கட்டும். பிடித்த ஓர் அத்தியாயத்தை மட்டும் தமிழில் பார்க்கச் சொல்லுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் தமிழ் பயமுறுத்தாது. ஆட்டுக்குட்டிக்குக்கூடக் காது குத்தி அரசாங்கம் கணக்கு வைத்துக்கொள்ளும் ‘பூனாச்சி’யில் இது நன்றாகவே நடந்தது.

ஹாரி பாட்டர் தமிழிலும் கிடைக்கிறது. மனப்பாடமாக ஆங்கிலத்தில் தெரிந்தவர்களுக்கு மந்திரச் சொற்கள் தமிழில் எப்படி ஆகியிருக்கின்றன என்று பார்ப்பதில் ஓர் ஆர்வம் வரும்.

11. வட்டார வழக்கு புரியவில்லை என்று மூடிவிட்டான். எளிய தமிழில் எதுவும் இல்லையா?

இருக்கிறது. ‘பனி மனிதன்’, ‘தோத்தோ சான்’, சுஜாதா எல்லாமே எளிய தமிழ்தான். ஆனால் வட்டார வழக்கை அதற்காக விட்டுவிட வேண்டாம். அது கண்ணுக்குத்தான் கடினம், காதுக்குச் சுலபம். முதல் நான்கைந்து பக்கங்களை யாராவது உரக்கப் படித்துக் காட்டினால் பேசுகிறவர் கண்முன் வந்துவிடுவார். பிறகு தெரியாத சொல்லும் இடம் பார்த்துப் புரிந்துவிடும். தாத்தா பாட்டி தெற்கத்திக்காரர்களாக இருந்தால் அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.

தொடங்குவதற்குக் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ சரியான நூல். பறவை முட்டைகளைத் தேடி அலையும் வெங்கடேசு என்ற சிறுவன், கரிசல்காட்டுப் பறவைகள், மரங்கள். சிறிய புத்தகம். அதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் நின்று பறவைகளுக்குப் பெயர் கேட்கத் தொடங்குவார்கள். பதில் சொல்லத் தயாராகிக்கொள்ளுங்கள்.

12. பத்தாம் வகுப்பு. நேரமே இல்லை. இந்த ஒரு வருடம் விட்டுவிடலாமா?

விட்டால் பிறகு பிளஸ் டூ என்பார்கள், அப்புறம் நீட் என்பார்கள். நாவல் வேண்டாம், சிறுகதை போதும். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். சென்னைக்கு வந்த கடவுள், பிராட்வே முனையில் பிள்ளைவாளிடம் மாட்டிக்கொண்டு படும் பாடு. பாடநூலில் புதுமைப்பித்தனைப் பார்த்து அஞ்சியவர்கள் இதைப் படித்தபின் ‘இவரா அவர்?’ என்று கேட்கிறார்கள். அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புக’ளும் அப்படித்தான்: நாவல் என்ற பெயரில் வந்தாலும் அத்தியாயங்கள் தனித்தனியாக நிற்கும். எங்கே திறந்தாலும் படிக்கலாம்.

13. படம் பார்த்துவிட்டான். இனி அந்தப் புத்தகத்தைப் படிப்பானா?

படம் பார்த்தவன்தான் சீக்கிரம் எடுக்கிறான். ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019இல் ‘அசுரன்’ ஆனது. படத்தில் தகப்பனின் பழைய கதை பெரிதாக வளர்ந்திருக்கும். நாவலோ பதினைந்து வயதுச் செலம்பரத்தை விட்டு நகர்வதே இல்லை. கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் நாள்கள், கிடைத்ததை வைத்துச் சமைத்துச் சாப்பிடுவது, அம்மா நினைவு, பயம். சண்டைக் காட்சியை எதிர்பார்த்து எடுத்த பையன், அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் இடங்களில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

‘பொன்னியின் செல்வ’னுக்கும் இதே கதைதான். படம் வந்த பிறகு எங்கள் நூலகத்தில் முதல் பாகம் அலமாரியில் தங்கவே இல்லை. ஐந்தாம் பாகம் மட்டும் பெரும்பாலும் அங்கேயே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

14. கொலை, சாதி, காதல் எல்லாம் வருகிற புத்தகத்தைப் பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது?

ஒன்பது, பதின்மூன்றாம் கேள்விகளுக்கான பதில்களைப் படித்துவிட்டு இதைக் கேட்பவர்கள் உண்டு. வன்முறை இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. அதை எழுதியவர் ரசிக்கிறாரா, வலியோடு சொல்கிறாரா என்று பார்க்கிறேன். ‘வெக்கை’ இரண்டாம் வகை. அதைப் பதினைந்துக்கு மேல் கொடுக்கலாம். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ சுதந்திரக் காலத்துச் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் ஓர் இளைஞனின் கதை. மெல்லப் போகும், கடைசிப் பக்கங்கள் உலுக்கிவிடும். பதினேழு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ முக்கியமான நாவல்தான். ஆனால் அதிலுள்ள சித்திரவதைப் பகுதிகளுக்காகப் பள்ளிப் பருவம் முடியட்டும் என்பேன். ஏற்காத ஆசிரிய நண்பர்கள் இருக்கிறார்கள்.

சிலவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றியது. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பதின்பருவம் தொடங்கும் முன்பே படிக்க வேண்டிய புத்தகம் அது. பிள்ளை வளர்ந்துவிட்டிருந்தாலும் தம்பி தங்கைக்குப் படித்துக்காட்டச் சொல்லிக் கொடுங்கள்.

சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகள் பற்றியும் கேட்கிறார்கள். ‘கொலையுதிர் காலம்’ பேயா அறிவியலா என்று கடைசிவரை இழுக்கும், தூக்கம் கெடும். வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கும் ஜோக்குகள் மட்டும் அந்தக் காலத்தோடு போயிருக்க வேண்டியவை. அதை மறைக்காமல் பிள்ளையிடமே சொல்லிக் கொடுங்கள். பெண் பிள்ளைகள் நீங்கள் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

15. செல்போன் செயலியில் காதல் தொடர்கதைகளாகப் படித்துத் தள்ளுகிறாள். தடுக்கட்டுமா?

செயலியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் வயதுக்கு ஒவ்வாதவை கலந்திருக்கும், சில இடங்களில் அடுத்த அத்தியாயத்துக்குக் காசு கேட்கும். இந்த இரண்டையும் கவனியுங்கள். மற்றபடி, ஒரு நாளில் முப்பது அத்தியாயம் படிக்கிறவளுக்கு வாசிப்பு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்குத் தொடர்கதையின் கொக்கி பிடித்திருக்கிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன கல்கியின் தொழில் ரகசியமும் அதேதான். ‘சிவகாமியின் சபதம்’ எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். காதலும் கண்ணீரும் அதிலும் தாராளமாக உண்டு.

16. புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இலவசமாக எங்கே கிடைக்கும்?

முதலில் கிளை நூலகம். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இணையத்தில் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். கல்கி, புதுமைப்பித்தன் நூல்கள் அரசுடைமையானவை என்பதால் தயக்கமின்றி இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் புதிய நூல்களின் பிடிஎஃப் வேண்டாம். பதின்பருவத்தினருக்கு எழுதுகிறவர்கள் தமிழில் கொஞ்சம் பேர்தான், அவர்களுடைய வருமானமும் கொஞ்சம்தான்.

17. வகுப்பில் நாற்பது பேர். எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. நான் எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது?

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கே வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் பிரித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’ புத்தகம் எடுத்தால் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் உங்கள் பங்கு. ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’ இதழும் உண்டு. பூட்டிய பீரோவில் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள்.

நாற்பது பேருக்கும் ஒரே புத்தகம் என்பது பாடமாகிவிடும். மாறாக, வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் ஏதாவது ஒரு கதையை உரக்கப் படியுங்கள். விறுவிறுப்பான இடத்தில் மணி அடித்தால் மூடிவிடுங்கள். மீதியைச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு பிரதியை நூலக மேசையில் வைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

18. நாங்கள் கனடாவில் இருக்கிறோம். மகன் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பான். வயதோ பதினான்கு.

அவனுடைய மனம் பதினான்கில் இருக்கிறது, தமிழ் எழுத்து எட்டு வயதில் நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் கதையைக் கொடுத்தால் அவமானமாக உணர்வான். எனவே எழுத்தைக் காதுக்கு மாற்றுங்கள்: நீங்கள் படியுங்கள், அவன் கேட்கட்டும். காமிக்ஸ் நன்றாக உதவும். பேச்சுக் கட்டங்களில் வாக்கியங்கள் சிறியவை. பத்தாம் கேள்வியில் சொன்ன இருமொழி வழியும் உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். கொக்குவிலில் பிறந்து கனடாவில் வாழும் முத்துலிங்கத்தின் கதைகளில் உங்கள் பனியும் உங்கள் ஊரும் இரண்டும் வருகின்றன. அவற்றிலிருந்து ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டுங்கள்.

19. எனக்குப் பதினைந்து வயது. பெரியவர்கள் சொல்லும் புத்தகம் எதுவும் வேண்டாம். நானே எப்படித் தேர்ந்தெடுப்பது?

நல்லது. அப்படியானால் மேலே உள்ள பதினெட்டையும் மறந்துவிடு. நூலகத்துக்குத் தனியாகப் போ. அட்டைப்படத்தையும் பின்னட்டைப் புகழ்ச்சியையும் நம்பாதே. முதல் பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் நின்றபடி படி. இரண்டில் ஒன்றாவது உன்னை அடுத்த பக்கத்துக்கு இழுத்தால் எடுத்துக்கொள். ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் அதே ஆசிரியரின் இன்னொன்றைத் தேடு. அதில் அவர் யாரையாவது வியந்து சொல்லியிருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்.

இன்னொன்று. புத்தகத்தின் உள்ளே திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் சீட்டு ஒட்டியிருக்கும். எந்தப் புத்தகத்தில் அந்தச் சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறதோ அதைப் புரட்டிப் பார். யாரும் சொல்லாமலே பலர் அதை எடுத்துப் போயிருக்கிறார்கள்.